கீழ்ப்பாக்கம் என்கிற வசவு

“கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய கேசுங்க எல்லாம் பேங்குக்கு வந்தா வேல எப்பிடி சார் நடக்கும்?”

வரிசையில் நின்றிருந்த ஒருத்தர் கேட்டார். கீழேயிருந்து ஏறிவந்து மலையில் கடை போட்டு, சாமையும் புளியும் கொள்முதல் பண்ணி, கூடவே வட்டிக்கும் கொடுக்கிறவர். நாலு பேர் சிரித்தார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டுக் கட்டுரை எழுதினால் கட்டுரை நாறும்.

2018, ஆடி மாசம். ஜவ்வாது மலையில் ஒரு வங்கிக் கிளை. நான் அங்கே குமாஸ்தா. யாருடைய சிரிப்புக்கு ஆளானாரோ அவர் முப்பது வயசுக்காரர். அவருடைய அண்ணன் அவரது முழங்கையைப் பிடித்தபடி நின்றார். “சார், தம்பி கணக்குல நூறு நாள் வேலப் பணம் நாலாயிரத்து இருநூறு கீது சார். எடுத்துக் குடுங்க.” தம்பிக்காரர் மேலே சுற்றுகிற ஃபேனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அதிகாரி எழுந்து வந்தார். புத்தி சுவாதீனம் இல்லாதவர் வைக்கிற கைநாட்டு செல்லாது, திருவண்ணாமலைக்குப் போய் கார்டியன் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரச்சொல் என்றார். அதற்குள் தம்பிக்காரர் ஃபேனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், அது நான் மண்ணு வெட்டின காசு.” தெளிவாகத்தான் சொன்னார். நான் அவருடைய சீட்டைத் திருப்பித் தள்ளினேன்.

கதையை அண்ணன்காரர் வெளியே புளியமரத்தடியில் வைத்துச் சொன்னார். ஏஜெண்டு வந்து முன்பணம் கொடுத்து ஆந்திராவுக்கு மரம் வெட்டக் கூட்டிப்போனான். போலீஸ் பிடித்தது. அங்கே ஜெயில். ஜாமீன் எடுக்க ஆளில்லை. திரும்பி வரும்போது ஆள் வேறாக வந்தார். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலிகளை ஆந்திரப் போலீஸ் சுட்டுப்போட்டதே, அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. செத்தவர்களை நாம் எண்ணினோம். ஊர்வலம் போனோம். நானும் ஒரு கவிதை எழுதினேன். சாகாமல் திரும்பி வந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களை யாரும் எண்ணவில்லை.

‘கீழ்ப்பாக்கம்’ என்கிற சொல் தமிழ்நாடு முழுக்க வசவு. சினிமாவில் காமெடி. சென்னையைக் கண்ணால் பார்க்காத மலைக்கிராமத்துப் பையனுக்குக்கூட அந்த ஊர்ப்பெயர் தெரியும், கோட்டை தெரியாவிட்டாலும். ஒரு ஊர்ப்பெயர் எப்படி வசவாகிறது? ‘சேரி’ என்கிற சொல் வசவானது எப்படி என்று தெரிந்த நமக்கு இது கஷ்டமான கேள்வி இல்லை. ஆனாலும் நாம் கேட்டதில்லை. பழைய சிறுபத்திரிகைக் கட்டுகளைப் புரட்டிப் பார்க்கிறேன். தொண்ணூறுகளில் நம்ம ஆட்கள் பூக்கோவைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். 1656இல் பாரீஸில் பொது மருத்துவமனை என்ற பெயரில் பிச்சைக்காரரையும் பைத்தியக்காரரையும் சேர்த்து அடைத்த கதை அதில் பக்கம் பக்கமாக வருகிறது. நல்லது, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பாரீஸ் தெரிந்த நமக்குப் புரசைவாக்கம் தெரியவில்லை.

புரசைவாக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1794இல் வாலண்டைன் கானலி என்கிற கம்பெனி சர்ஜன் அங்கே ஒரு வீட்டில் பைத்தியக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி தொடங்கினார். 16 பேருக்கு இடம். சென்னையின் முதல் மனநோய் மருத்துவமனை என்று வரலாறு இதைத்தான் சொல்கிறது. ஆனால் அது அரசாங்க ஆஸ்பத்திரி இல்லை, கவனிக்க வேண்டும். வீடு சர்ஜனின் சொத்து. கம்பெனி அதற்கு வாடகை தருகிறது. வைத்தியம் பார்க்கிறவரும் வீட்டுச் சொந்தக்காரரும் ஒரே ஆள். கானலி போன பிறகு அது ஃபிட்ஸ்ஜெரால்டு என்கிற சர்ஜன் கைக்கு மாறியது, அவரிடமிருந்து ஜேம்ஸ் டால்டன் கைக்கு. 1807 வாக்கில் டால்டன் அதை இடித்துக் கட்டி 54 பேர் இருக்கும்படி பெரிசாக்கினார். ஜனங்கள் அதை ‘டால்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்றே சொன்னார்கள். லாட்ஜுக்கு முதலாளி பெயர் வைப்பது போலத்தான். வங்கியில் உட்கார்ந்து லீஸ் பத்திரமும் அடமானமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் வைத்தியத்துக்கு முன்னால் வரவு செலவு தெரிகிறது. ஆள் அதிகமானால் வருமானம் அதிகம். குணமாகி வெளியே போனால் நஷ்டம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரருக்குப் புத்தி பேதலித்தால் வெகுநாள் இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். லண்டனில் ஹாக்னி என்கிற இடத்தில் பெம்புரோக் ஹவுஸ் என்று ஒன்று 1818 முதல் இதற்கென்றே இருந்தது. 1870இல் அது ஈலிங் என்கிற இடத்துக்கு மாறியது. ஆளப் பிறந்த இனத்துக்காரன் அம்மணமாக ரோட்டில் நிற்பதைக் கறுப்பன் பார்த்துவிடக் கூடாது என்கிற மானப் பிரச்சினையும் அதில் இருந்தது. நம்ம ஊர்ப் பெரிய குடும்பங்கள் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிச் சோறு தள்ளுவதற்கும் இதற்கும் கப்பல் ஒன்றுதான் வித்தியாசம்.

மானம் இல்லாதவர்களாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு. 1858இல், அதாவது கம்பெனி போய் ராணி வந்த வருஷம், ஒரே மூச்சில் மூன்று சட்டம் போட்டார்கள். 34, 35, 36 என்று வரிசையாக எண். முதல் இரண்டும் சொத்துள்ள பைத்தியக்காரருக்கு. கோர்ட்டு விசாரிக்கும், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்கும். பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களுக்கு ஒன்று, வெளியே உள்ள ஜில்லாக்களுக்கு மற்றொன்று. மூன்றாவதான 36ஆம் எண் சட்டம்தான் ஆஸ்பத்திரிக்கான சட்டம். அலைந்து திரிகிற பைத்தியக்காரனைப் போலீஸ் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்தலாம், உள்ளே அனுப்பலாம். சொத்து இருக்கிறவனுக்கு நீதிமன்றம். இல்லாதவனுக்குக் காவல் நிலையம். நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே சட்டத்தில் சாதி என்கிற வார்த்தை வரவில்லையே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘அலைந்து திரிகிறவர்’ என்று எழுதினாலே போதும். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவன், காடு மாறிக் காடு போகிறவள், வெளித்திண்ணையில் படுக்கக்கூட உரிமையில்லாதவர்கள், எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார்கள்.

இந்த ‘அலைந்து திரிகிற’ என்கிற சொல் 1912 சட்டத்திலும் இருந்தது, 1987 சட்டத்திலும் இருந்தது. வெள்ளைக்காரன் போனாலும் அது போகவில்லை.

புரசைவாக்கம் வீடு பழசாகி, கூட்டம் தாங்காமல் போக, அரசாங்கம் லோகாக் தோட்டம் என்கிற அறுபத்தாறரை ஏக்கரில் புதுசாகக் கட்டியது. 1871இல் 145 பேரோடு திறந்தார்கள். அதுதான் கீழ்ப்பாக்கம். அதே 1871இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்தது. அது அப்போது வடக்கே மட்டும், சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்து சேர்ந்தது. ஒன்றுக்கொன்று நேர்ச் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே கை, ஒரே மை. ஊருக்குள் ஓரிடத்தில் குந்தாத ஜனங்களைப் பதிவேட்டில் குந்தவைக்க வேண்டும் என்கிற அரிப்பு.

பதிவேடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குமாஸ்தாவுக்கு மட்டும் புரிகிற விஷயம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘நோய்க்கான காரணம்’ என்று ஒரு கலம் இருந்தது. எந்தக் கலமும் காலியாக இருக்கக் கூடாது என்பது ஆபீஸ் தர்மம். எனவே பிடித்துவந்த போலீஸ்காரன் ‘கஞ்சா’ என்று எழுதினான். காரணம் தெரியாத ஏழைக்கு அதுவே காரணம். இதை நான் சொல்லவில்லை. 1893–94இல் இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் என்று ஒன்று உட்கார்ந்து, இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் திரும்ப விசாரித்தது. 1892இல் கஞ்சாவால் பைத்தியமானவர்கள் என்று எழுதப்பட்டிருந்தவர்கள் 222 பேர். விசாரித்துப் பார்த்ததில் 98 பேருக்குத்தான் அப்படிச் சொல்ல ஏதோ முகாந்திரம் இருந்தது. மீதியெல்லாம் கலத்தை நிரப்பிய கதை. பசி என்று யாரும் அந்தக் கலத்தில் எழுதியிருப்பார்களா? நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், மகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருப்பார்களா? இன்றைக்கு என் நண்பருக்கு ஒரு பதிவேடு போட்டால் ‘ஆந்திரா ஜெயில்’ என்று எழுத எந்த டாக்டருக்குப் பேனா வரும்?

வரலாற்றில் டாக்டர்களுக்குப் பெயர் இருக்கிறது. கானலி, டால்டன், அப்புறம் வந்த சூப்பிரண்டுகள். மலம் அள்ளிய தோட்டிகள், முரண்டு பிடித்தவர்களைக் கட்டிப்பிடித்துக் குளிப்பாட்டிய வார்டர்கள், பிணத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனவர்கள், இவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. யார் அவர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் பீ வாளி எந்தச் சாதியின் கையில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று மட்டும் எனக்குத் தோன்றும். ராத்திரியில் பயந்து கத்துகிற ஒருத்தருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது அவர்களாகத்தான் இருக்கும். இது ஆதாரமில்லாத பேச்சுதான். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

1922இல் அசைலம் என்பது ‘மெண்டல் ஹாஸ்பிடல்’ ஆனது. 1978இல் ‘மனநலக் காப்பகம்’. பெயர் மாற்றினால் தீட்டுப் போகுமா? அரிசனம் என்று மாற்றிப் பார்த்தார்களே, போனதா? ‘மெண்டல்’ என்கிற புதுப்பெயரே சீக்கிரம் வசவானது. 1946இல் போர் கமிட்டி கணக்குப் பார்த்தபோது இந்த நாட்டில் ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை இருந்தது, இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று. 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் 37 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தது. பல இடங்களில் வைத்தியத்தைவிடக் காவல்தான் அதிகம் என்கிற மாதிரியான அறிக்கை.

எல்லாமே இருட்டு என்று சொன்னால் அது பொய். சாரதா மேனன் என்று ஒரு அம்மா. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை வகித்தார். அடைத்து வைக்கிற இடத்தை வந்துபோகிற இடமாக மாற்றப் பாடுபட்டார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்கிற அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். 2021இல் 98 வயசில் இறந்தார். நமக்கு அடிவாரத்தில், வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியைத் தனியாக விடாமல் குடும்பத்தில் ஒருத்தரையும் கூடவே தங்க வைப்பது அங்கே முறை. அதற்கும் முன்னால் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்கிற டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்திருக்கிறார். உலகம் முழுக்க இதைப் பாராட்டி எழுதினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கூடத் தங்குகிற ஆளுக்கு அன்றாடக் கூலி யார் தருவது? சாமை அறுப்பு நேரத்தில் மலையிலிருந்து ஒரு பொம்பளை ரெண்டு வாரம் கீழே போய் உட்கார்ந்தால் அந்த வருஷம் அந்த வீட்டில் உலை எரியாது. குடும்பம் என்கிற நல்ல யோசனை, மாசச் சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்காகவே யோசிக்கப்பட்ட மாதிரி எனக்குப் படுகிறது.

இனி சொந்தக் கதை. எங்க அத்தை, அப்பாவின் அக்கா. ரெண்டாவது பிள்ளை செத்துப் பிறந்த பிறகு பேச்சை நிறுத்தினாள், பிறகு நிறுத்தாமல் பேசினாள். ஏரிக்கரை முனி அடித்துவிட்டது என்றார்கள். வேப்பிலை, சாட்டை, எலுமிச்சம்பழம். பிறகு, பைத்தியம் தெளியும் என்று பெயர் பெற்ற ஒரு கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம். அங்கே மற்றவர்கள் பிராகாரத்துக்குள் தங்கினார்கள். நாங்கள் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, அத்தையை மட்டும் வெளி மண்டபத்துத் தூணில் கட்டச் சொன்னார்கள். பைத்தியத்திலும் காலனி தனி. நாற்பத்தெட்டு நாள் கட்டிவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டில் சங்கிலி வந்தது. மாட்டுக் கொட்டாயில் கல் தூணில் ஒரு முனை, அத்தையின் இடது காலில் ஒரு முனை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சங்கிலி எட்டுகிற தூரம் எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் சொம்பை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். அவள் அதைக் காலால் இழுக்க முயல்வாள். இதை நான் எந்தக் கவிதையிலும் எழுதியதில்லை.

ஏர்வாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் தான் 2001. ஆகஸ்டு 6, விடியற்காலை. ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய மனநோயாளி விடுதி. கீற்றுக் கொட்டகை. தீ பிடித்தது. சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். கத்தல் கேட்டும், இங்கே எப்போதும் கத்துகிறவர்கள்தானே என்று அக்கம்பக்கத்தார் இருந்துவிட்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நான் ஆறாம் வகுப்பு. டீக்கடையில் பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே அத்தையின் காலிலிருந்து சங்கிலியைக் கழற்றினார். கழற்றிவிட்டு, கயிறு போட்டுக் கட்டினார். தீ பிடித்தால் அரிவாளால் ஒரே வெட்டில் அறுத்துவிடலாம் அல்லவா.

எங்கப்பா ராட்சசன் இல்லை. காலையில் கூலிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மாவும் அப்படியே. அவிழ்த்துவிட்டால் அத்தை ஊர்த் தெருவுக்குள் போய்விடுவாள். ஒரு தடவை போய்விட்டாள். பெரிய வீட்டுக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். அதற்கு அவளுக்கு விழுந்த அடி, புத்தி தெளிந்தவளுக்கு விழுவதைவிடக் குறைவில்லை. ஊர்க்காரனுக்குப் பைத்தியம் பிடித்தால் சேரிக்குள் வரலாம், திட்டலாம், யார் வீட்டிலும் நுழையலாம். சேரிக்காரிக்குப் பிடித்தால் கால் வைக்க மூணு தெரு மட்டும்தான் உண்டு. அந்தக் கயிற்றின் மற்ற முனை எங்கள் கொட்டாயில் இல்லை, ஊரில் இருந்தது. அத்தை 2004 மார்கழியில் செத்தாள். ஒரு தடவைகூட எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை.

ஏர்வாடிக்குப் பிறகு அரசாங்கம் முழித்துக்கொண்டது. அந்த மாதிரி விடுதிகளை மூடினார்கள், 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பில் எடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. 1794இல் தலைக்கு இவ்வளவு என்று புரசைவாக்கத்தில் தொடங்கிய விடுதித் தொழில், 207 வருஷம் கழித்துக் கீற்றுக் கொட்டகையில் வந்து நின்றது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கம்பெனி சர்ஜன் கம்பெனியிடம் வாங்கினார். ஏர்வாடி விடுதிக்காரர்கள் ஆட்டை விற்றுவந்த குடும்பங்களிடம் வாங்கினார்கள். முதலாவது வரலாறாகவும் ரெண்டாவது குற்றமாகவும் எழுதப்பட்டது.

இப்போது நம் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை. மனநல மருத்துவம் என்பதே அதிகாரம், மருந்து என்பதே ரசாயனச் சங்கிலி, ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடு என்று கூட்டத்தில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த பேச்சு. மூடலாம். அத்தை எங்கே போவாள்? ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் சுதந்திரம் இல்லை, மாட்டுக் கொட்டாய்தான் இருக்கிறது. சாதியைக் காப்பாற்றுகிற குடும்பத்தையும் ஊரையும் ‘சமூகம்’ என்று அழகாகப் பெயர் சொல்லி அதன் கையில் நோயாளியை ஒப்படைக்கச் சொல்கிறவர்கள், அந்தச் சமூகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லலாம். கீழ்ப்பாக்கம் போன்ற ஒரு இடத்தில், குறைந்தபட்சம், தெருப் பெயர் கேட்டு வெளித்தூணில் கட்டச் சொல்கிற உரிமை சட்டப்படி யாருக்கும் கிடையாது. நடப்பில் என்ன என்பது வேறு. அதற்குத்தான் சண்டை போட வேண்டும்.

இன்னொரு பக்கம், சட்டம் வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள். 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து 2018 மே மாசம் அமலானது. நல்ல சட்டம். 95ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. 18ஆம் பிரிவு வைத்தியம் பெறுவதை உரிமை என்கிறது. எங்கள் கவுண்டர் முன்னால் அந்தத் தம்பி நின்றபோது இந்தச் சட்டத்துக்கு ரெண்டு மாச வயசு. மலையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. காவலூரில், இதே மலையில், வானத்து நட்சத்திரத்தைப் பார்க்க 93 அங்குல விட்டமுள்ள கண்ணாடி வைத்திருக்கிறது அரசாங்கம். 1986 முதல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கு அறிவியல் மேல் கோபமில்லை. பக்கத்துக் கொட்டாயில் கட்டியிருக்கிற ஆளைப் பார்க்க அவ்வளவு பெரிய கண்ணாடி தேவையில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமும் இல்லை. ஃப்ளூபெனசின் என்று ஒரு ஊசி இருக்கிறது. ரெண்டு வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒரு முறை போட்டால் போதும். பழைய மருந்து, விலை குறைவு. பக்கவிளைவு உண்டு, எனவே டாக்டர் பார்த்துத்தான் போட வேண்டும். டாக்டர் ஒருத்தர் மாசத்தில் ஒரு சந்தை நாளில் மலையேறி வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால், சாமை விற்க வருகிறவர்கள் தம்பியையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு நாள் கூலியும் போகாது. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் என்று காகிதத்தில் எழுதிய சங்கதிதான் இது. மாவட்டம் என்பது கலெக்டர் ஆபீஸோடு முடிந்துவிடுகிறது. நான் மலையில் இருந்த வருஷங்களில் அப்படி ஒருவர் ஏறிவந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்கித் தேர்வுக்குப் படித்த பழைய புத்தகத்தை எடுத்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. கீழ்ப்பாக்கம் திறந்த மறு வருஷம் போட்டது. இன்றும் அதுதான் சட்டம். 12ஆம் பிரிவு: பெரும்பாலும் புத்தி சுவாதீனமில்லாமல் இருந்து இடையிடையே தெளிகிறவர், தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். அதற்குக் கீழே உதாரணம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிற நோயாளி, தெளிந்த இடைவேளைகளில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று. தேர்வுக்கு மனப்பாடம் பண்ணியதுதான். ரெண்டு மார்க்குக் கேள்வி. வெள்ளைக்காரன் சட்டம் அசைலத்தில் இருந்தவனுக்குக் கொடுத்த தெளிந்த அரை நாழிகையை, நான் கவுண்டரில் நின்றவருக்குக் கொடுக்கவில்லை. ‘அது நான் மண்ணு வெட்டின காசு’ என்று சொன்ன நேரத்தில் அவரைவிடத் தெளிவாக அந்தக் கட்டடத்துக்குள் யார் இருந்தார்கள்?

மறுநாள் புத்தகத்தை அதிகாரி மேசையில் வைத்தேன். அவர் நல்லவர்தான், பயந்தவர். எங்கேயாவது ஆடிட்டில் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். ரெண்டு நாள் யோசித்தார். தொகை சின்னதாக இருந்ததாலோ, அல்லது நான் விடமாட்டேன் என்று தெரிந்ததாலோ, ஆள் தெளிவாக இருக்கிறபோது கூட்டிவரச் சொல் என்றார்.

தெளிவாக இருக்கிறபோது என்றால் எப்போது? அது எங்கள் அலுவல் நேரத்துக்குள் வர வேண்டுமே. அண்ணன்காரர் மூணு தடவை எட்டு மைல் நடந்து கூட்டிவந்தார். ரெண்டு தடவை வாசலிலேயே திரும்பினார்கள். தம்பிக்காரர் வாட்ச்மேன் காக்கியைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் குத்தவைத்துக்கொண்டார். மூணாவது தடவை நான் வாட்ச்மேனைச் சட்டை மாற்றிக்கொண்டு வரச்சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக்கொண்டார். அன்றைக்கு அவர் உள்ளே வந்தார். ஃபேனைப் பார்க்கவில்லை. பெருவிரலை நானே மையில் தொட்டுச் சீட்டில் வைத்தேன். நாலாயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தேன்.

அவர் திரும்ப எண்ணினார். ஒவ்வொன்றாக, எச்சில் தொடாமல். பிறகு ஒரு நூறு ரூபாய்த் தாளை மட்டும் எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார்.

“இது கிழிஞ்சிருக்குது சார். வேற குடுங்க.”

மாற்றிக் கொடுத்தேன்.